லாலாகுடாவுக்குப் போன ஏழு கூடைகள்

விருதுநகரிலிருந்து ஹைதராபாத்துக்கு யாராவது ஒயர்கூடை கொண்டுபோவார்களா என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். நான் கொண்டுபோனேன். ஏழு கூடை. ஏழும் என் கையால் பின்னியது. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூடை பின்னுவது மட்டும் இன்றைக்கு வரை நிற்கவில்லை.

விஷயம் இதுதான். என் தம்பி முருகேசன் செகந்திராபாத் பக்கம் லாலாகுடாவில், ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். மார்கழியில் அவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். அன்றைக்கு நான் மாரியம்மன் சன்னதியில் விழுந்து, "தாயே, அவனைப் பிழைக்க வை. அவன் திரும்ப டூட்டிக்குப் போறதுக்குள்ள, அவன் இருக்கிற சீமைக்கே வந்து, ஏழு கூடை பின்னித் தானம் பண்றேன்" என்று வேண்டிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுகிற வாய் நிற்குமா? "பதிலுக்கு யார்கிட்டயும் ஒரு துரும்புகூட வாங்க மாட்டேன்" என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டேன். இந்தப் பயணத்தில் நான் பட்ட பாடெல்லாம் அந்த வாலால் வந்தது.

தம்பி பிழைத்தான். திங்கட்கிழமை டூட்டியில் சேரப்போகிறான் என்று போன் வந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சென்னையில் வண்டி மாறினோம். அங்கிருந்து செகந்திராபாத் ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர். ஆறு கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கட்டி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். ஏழாவது சிவப்பும் வெள்ளையும் போட்ட பெரிய கூடை. அதில் மட்டும் கைப்பிடி முடிக்கும்போது சிவப்பு ஒயர் தீர்ந்துபோய், ஒரு விரல் நீளத்துக்கு நீலம் கோத்திருந்தேன். அதில் இட்லி டப்பாவை வைத்து ஜன்னலோரக் கொக்கியில் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை காஜிபேட் தாண்டிக் கண் விழித்தால், கொக்கி இருக்கிறது, கூடை இல்லை.

"டப்பாவுல இன்னும் ரெண்டு இட்லி இருந்துச்சே" என்றார் என் வீட்டுக்காரர்.

"கூடை போச்சேன்னு நான் பதறிக்கிட்டிருக்கேன், உங்களுக்கு இட்லியா?"

"கூடையைத் தின்ன முடியாதுல்ல?"

எடுத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று நான் சொன்னதை எதிர் சீட்டு அம்மாள் கேட்டார். தமிழ் தெரியாவிட்டாலும் அது என்னவென்று அவருக்குப் புரிந்திருக்கும். நல்லவேளையாக, மீதி நேரம் முழுக்க என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்.

காலை எட்டு மணிக்குச் செகந்திராபாத். லாலாகுடா மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். நான் நூறு என்றேன். கூடைக்கட்டைக் காட்டி, "சாமான் வேற இருக்கே அம்மா" என்றார் இந்தியில். "காத்துதான் இருக்கு உள்ள, தூக்கிப் பாருங்க" என்று தமிழில் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன். தூக்கிப் பார்த்துச் சிரித்து, நூற்றிருபதுக்கு வந்தார். அதிலும் குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விடவேண்டும் என்று பேசிக்கொண்டேன். கீரை வாங்கினாலும் கொசுரு கேட்காமல் நகராத ஆள் நான். இதை ஒரு காரணத்துக்காகத்தான் சொல்லிவைக்கிறேன்.

தம்பி மெலிந்திருந்தான். சட்டைக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது. என்னைப் பார்த்ததும், "என்னக்கா, கூடைக்கடையே வருது?" என்றான். குரல் பழைய குரல்தான். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அவன் மனைவி விமலா செகந்திராபாத்திலேயே பிறந்தவள். அவள் தாத்தாவுக்குத் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்தவராம். தமிழ் நன்றாகவே பேசுவாள், நடுநடுவே ஊர்ப்பேச்சு வரும். வேண்டுதலைக் கேட்டதும், "எனக்கு ஒரு கூடை தரக்கூடாதா அண்ணி?" என்றாள்.

"சொந்தத்துக்குக் கொடுத்தா தானம் ஆகாதும்மா."

"ஹவ், வேலைக்கு மட்டும் சொந்தம், கூடைக்கு நக்கோவா?" என்றாள். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்.

அவர்கள் பிளாக்கில் தம்பி வீட்டைத் தவிர ஆறு வீடு. கையில் இருந்ததும் ஆறு கூடை. அம்மனே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம், குளித்துக் கிளம்பினேன். வெறுங்கூடையை ஒருவர் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்தில் ஆகாது. அதனால் ஊரிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த முறுக்கில் பத்துப் பத்து, ஒரு மஞ்சள் கிழங்கு, கூடைக்குள் வைத்தேன். துணைக்குத் தம்பி மகள் பூஜாவைக் கூப்பிட்டேன். காலேஜ் பெண். நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள்.

"நேனு ரானு அத்தை" என்றாள். வரமாட்டாளாம்.

சரி, சிரிப்புக்கு மொழி எதற்கு என்று தனியாகவே போனேன். கதவைத் தட்டி, இரண்டு கையாலும் கூடையை நீட்டி, "வச்சுக்கோங்க" என்றேன். எல்லோரும் முகம் மலர வாங்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டுப் பத்மா என் கையைப் பிடித்துத் தெலுங்கில் என்னவோ சொன்னாள். மாடிவீட்டு ஷாஹீன் பேகம் ஒரு முறுக்கை அங்கேயே கடித்து, கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். ஆறு கூடை கொடுத்தாயிற்று, ஒரு துரும்பு வாங்கவில்லை. ஷாஹீன் பேகம் நீட்டிய தண்ணீரைக்கூட வேண்டாம் என்று கைகூப்பிவிட்டு வந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை, ஏழாவது கூடைக்கு ஒயர் வாங்க ஜெனரல் பஜார் போனோம். துணி, பாத்திரம், வளையல், சரிகை எல்லாம் கொட்டிக் கிடக்கிற சந்துகள். அரை அங்குல இடம் இருந்தாலும் அதில் ஒரு ஸ்கூட்டர் வருகிறது. ஒயர் மட்டும் கிடைக்கவில்லை. பூஜா பேச, ஒரு கடைக்காரர் கரண்டு ஒயரைக் காட்டினார். இன்னொருவர் ரெடிமேட் பை எடுத்துப் போட்டு, "கையால ஏன் பின்னணும் அம்மா, இதை வாங்கிட்டுப் போங்க" என்றார். எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கிறார். வேண்டுதலை அவருக்கு எப்படிச் சொல்வது? கடைசியாக ஒரு மூலையில் ஒரே ஒரு கறுப்பு ரோல் கிடைத்தது, நாற்பது ரூபாய். ஒரு கூடைக்கு மூன்று ரோலாவது வேண்டும். இருந்தாலும் விடாமல் வாங்கி, கொசுருக்கு ஒரு ஊசியும் கேட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் விமலா வாசலிலேயே நின்று சிரிக்கிறாள். "அண்ணி, உங்க கூடை வந்திருக்கு."

பத்மாவுக்குக் கொடுத்த பச்சைக் கூடை, கூடம் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒரு டப்பா நிறைய சகினாலு. அரிசிமாவில் வட்டம் வட்டமாகச் சுற்றிச் சுடுகிற இந்த ஊர்ப் பலகாரம்.

"எதுக்கு இது?"

"முறுக்கு குடுத்தீங்கல்ல? வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாதே!"

எனக்குத் தலை சுற்றியது. கூடைதான் தானம், முறுக்கு சும்மா துணைக்கு. அவர்கள் முறுக்கைத் தானமாக எடுத்துக்கொண்டு, கூடையைப் பாத்திரம் என்று திருப்பியிருக்கிறார்கள். இதே தப்பை எங்கள் தெருவிலும் யாராயிருந்தாலும் செய்வார்கள், நானே செய்திருப்பேன்.

ஞாயிறு மத்தியானத்துக்குள் ஆறும் வந்துவிட்டன. ஒன்றில் ஆவக்காய் ஊறுகாய், ஒன்றில் ஆறு மாதுளை, ஒன்றில் ரவிக்கைத்துணி. ஷாஹீன் பேகத்தின் கூடையில் உலர்ந்த குபானிப் பழம், எப்படி ஊறவைத்து இனிப்புச் செய்வது என்று பூஜாவிடம் செய்முறையும் சொல்லி அனுப்பியிருந்தாள். என் வீட்டுக்காரர் சகினாலு டப்பாவைத் திறந்தார். நான் பிடுங்கி மூடினேன்.

"இது பதில்! இதுல ஒண்ணைத் தொட்டாலும் என் தம்பிக்கு ஆகாது!"

"அக்கா, எனக்கு ஆபரேஷன் பண்ணினது டாக்டரு" என்றான் முருகேசன். "நாளைக்குக் காலையில நான் டூட்டிக்குப் போறேன்."

"போக மாட்ட."

"மூணு மாசமா இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு உட்காந்திருக்கேன். கூடைக்காக இன்னும் உட்காரணுமா?"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கை தழும்பின் மேல் போனது. அவனுக்கும் உள்ளே பயம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, இரண்டு பேரும் கூடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தம்பி வீட்டு எவர்சில்வர் குடத்தைக் கவனித்தேன். கழுத்தில் குவார்ட்டர்ஸ் நம்பர் வெட்டியிருந்தது. கட்டில், நாற்காலி, வாளி எல்லாவற்றிலும் பெயிண்டில் நம்பர். கல்யாணம் காட்சிக்குப் பொருள் வீடு மாறிப் போனாலும் நம்பரைப் பார்த்து உரியவர் வீட்டில் சேர்த்துவிடுவார்களாம்.

"நம்பர் போட்டது எந்த வீட்டுக்குத் திரும்பும்?" என்று கேட்டேன்.

"எந்த வீட்டு நம்பரோ அந்த வீட்டுக்குத்தான்" என்றாள் விமலா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உடனே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

அந்தக் கறுப்பு ரோல் இதற்குத்தான் கிடைத்தது போலும். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு கூடையின் முடிச்சுகளுக்கு அடியிலும் நுழைத்து, அந்தந்த வீட்டு நம்பரைக் கோத்தேன். கொசுரு ஊசியும் உதவியது. விமலா கூடவே உட்கார்ந்து கோத்தாள். எட்டு மட்டும் கொஞ்சம் கோணல்.

விளக்கு வைத்ததும் திரும்பக் கிளம்பினோம். இந்தத் தடவை பூஜாவும் வந்தாள். "தப்புத்தப்பா குடுத்து மானத்தை வாங்குறீங்க அத்தை" என்றாள், முதல்முறையாக முழுத் தமிழில். பத்மாவிடம் அவள் சொன்னது ஒரே வார்த்தை: "மொக்கு." தெலுங்கில் வேண்டுதலுக்கு அதுதான் பேர். பத்மா பதறிப்போய், கூடையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஷாஹீன் பேகத்திடம் உருதுவில் "மன்னத்" என்றாள். அவளும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

நான் விடவில்லை. மாடியிலிருந்து இறங்கி மறுபடி பத்மாவிடமே போய்க் கேட்டேன். "அப்போ நீங்க குடுத்த சகினாலு? நான் எதுவும் வாங்கக் கூடாதே!"

பூஜா மொழிபெயர்த்தாள். பத்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது முறுக்குக்குக் குடுத்தது. கூடைக்கு நாங்க என்ன குடுத்தோம்? ஒண்ணும் குடுக்கல, குடுக்கவும் மாட்டோம்" என்று தெலுங்கில் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட இவ்வளவு சுத்தமாகத் தீர்ப்புச் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே சகினாலில் பாதியை முடித்திருந்தார்.

திங்கட்கிழமை காலை முருகேசன் டூட்டிக்குப் போனான். சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சைக்கிள் இல்லாமல் ஒர்க்ஷாப்புக்குப் போனால் நன்றாயிராது என்று, அதை உருட்டிக்கொண்டே போனான். முன்னும் பின்னும் எதிர்வீட்டுக்காரர், மாடிவீட்டுக்காரர் எல்லோருடைய சைக்கிளிலும் சாப்பாட்டோடு என் கூடை தொங்கியது. பச்சை, மஞ்சள், ஊதா. ஒருத்தரும் மிதிக்கவில்லை. அவனுக்காக எல்லோரும் உருட்டிக்கொண்டே போனார்கள்.

எல்லாம் சரி, ஆனால் ஆறுதானே? ஏழு என்றல்லவா சொன்னேன்? சாயங்காலம் செகந்திராபாத்தில் வண்டி ஏறும்போதும் அந்த ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "ஊருக்குப் போய்ப் பின்னி அனுப்பு" என்றார் என் வீட்டுக்காரர். "அவன் டூட்டிக்குப் போறதுக்குள்ளன்னு சொன்னேனே" என்றேன்.

காஜிபேட் வருவதற்குச் சற்று முன்னால், "ஜாம், ஜாம்" என்று குரல் கேட்டது. கொய்யாப்பழக்காரர். ஐம்பது வயதிருக்கும். தோளில் சிவப்பும் வெள்ளையும் போட்ட பெரிய கூடை. கைப்பிடியில் ஒரு விரல் நீளத்துக்கு நீலம்.

என் வீட்டுக்காரர் பாய்ந்து எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"கூடை எங்கே வாங்கினது?" என்று சைகையில் கேட்டேன். சென்னை வண்டியில் விற்று விற்று அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது. "வாங்கல அம்மா. வண்டியில விட்டுப் போச்சு யாரோ. தேவுடு கொடுத்தான். பாருங்க, இருபது கிலோ தாங்குது, ஒரு முடிச்சு விடல."

இருபது கிலோ! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று நாளைக்கு முன்னால் இவர் கைக்கு நான் கொடுத்த சாபத்தை மனதுக்குள் அவசரம் அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தம்பி டூட்டிக்குப் போவதற்கு மூன்று நாள் முன்பே இவர் கைக்குப் போய்ச் சேர்ந்த கூடை. வெறுங்கூடையாகவும் போகவில்லை, இரண்டு இட்லியோடு போயிருக்கிறது. ஏழு முடிந்தது.

அரைக் கிலோ முப்பது ரூபாய் என்றார். பேரம் பேசாமல் கொடுத்தேன். நிறுத்துப் போட்டுவிட்டு, நல்ல பழமாக ஒன்று பொறுக்கி மேலே வைத்தார். "கொசுரு அம்மா."

என் வீட்டுக்காரர் அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். நான் அவர் கையைப் பிடித்து, பழத்தைப் பிடுங்கி, கூடையின் அடியில் கொண்டுபோய்ச் சொருகினேன். "வேண்டாம்! கொசுரு வேண்டவே வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

கொய்யாப்பழக்காரர் என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடந்தார். அந்த நீலத் துண்டு கதவு வரைக்கும் தெரிந்தது.

ஊருக்கு வந்து கீரைக்காரியிடம் இதைச் சொன்னேன். "நீங்க கொசுரு வேண்டாம்னீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் நம்பாமல் அன்றைக்கு எனக்குக் கொசுரே போடவில்லை. அங்கேயே நின்று சண்டை போட்டு வாங்கி வந்தேன்.