ருபியேலாவின் ஆணி

ருபியேலாவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளுக்கு அது பிடிக்காது. கொலம்பியாவில் காப்பிப்பழம் எங்கே சிவக்கிறதோ அங்கே பையை முதுகில் போட்டுக்கொண்டு போய்ப் பறிப்பதுதான் அவள் பிழைப்பு. இபாகே, அர்மேனியா, பெரெய்ரா என்று அந்த நாட்டின் எந்த ஊர் பஸ் நிலையத்திலும் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறாள். காவல்காரன் எழுப்பினால், பஸ் வந்ததும் எழுந்திருப்பதாகச் சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். கட்டிக்கொண்டவன் ஓரிடத்தில் உட்காரச் சொன்னான். அவனை உட்காரவைத்துவிட்டு இவள் கிளம்பிவிட்டாள்.

இப்படிச் சுற்றுகிறவளுக்கும் தன்னுடையது என்று ஓர் இடம் இருந்தது. கில்தார்தோவின் தோட்டத்தில், பறிக்கிறவர்கள் படுக்கும் நீளக் கொட்டகையில், ஜன்னலோரக் கீழ்க்கட்டில். எல்லாத் தோட்டத்திலும் ஒரே வழக்கம்தான். கட்டிலுக்கு ஓர் ஆணி உண்டு; அதில் யார் முதலில் பையை மாட்டுகிறார்களோ, அறுவடை முடிகிறவரை கட்டில் அவர்களுடையது. பை தொங்கும் கட்டிலை எப்பேர்ப்பட்ட முரடனும் தொடமாட்டான். பையை எடுத்தால் உரிமையும் போயிற்று. வருஷா வருஷம் எல்லோருக்கும் முந்தி வந்து அந்த ஆணியைப் பிடித்துவிடுவாள் ருபியேலா.

அந்த வருஷம் வந்தபோது கொட்டகைக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். வாசலில் ஒரு பலகை: 'பழம் பறிப்பவர்களின் கட்டிலில் உறங்குங்கள்.' பொகோட்டாவில் படித்துவிட்டு வந்த கில்தார்தோவின் மகள் மார்செலா செய்த ஏற்பாடு. முதுகுப்பையோடு ஊர் சுற்ற வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொட்டகை; பறிக்கிறவர்களுக்கு உரமூட்டை அறை.

ருபியேலா நேராக உள்ளே போனாள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள்.

"தோனா ருபியேலா, இது பையோட ஊர் சுத்தறவங்களுக்கு," என்று மரியாதை போட்டே சொன்னாள் மார்செலா.

"அப்ப நான் என்ன, பல்லக்குலயா வந்து எறங்கினேன்?"

பின்னாலேயே மற்றவர்களும் வந்து ஆளுக்கோர் ஆணியைப் பிடித்தார்கள். டென்மார்க்கிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு பெண் மேல்கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கில்தார்தோவால் சத்தம் போட முடியவில்லை. கிளை கிளையாகப் பழம் சிவந்து நின்றது. ஆள் போனால் அத்தனையும் மண்ணில்தான் விழும்.

மார்செலா கெட்டிக்காரி. சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தாள். எல்லோரும் இங்கேயே இருக்கலாம், விருந்தாளிகளுக்கும் அது பிடித்திருக்கிறது என்றாள். காலையில் பூப்போட்ட பாவாடை கட்டி, கூடையோடு அவர்களுடன் படம் எடுத்துக்கொள்ள நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ருபியேலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாவாடை திருவிழாவில் ஆடுகிறவர்களுக்கு. அதைக் கட்டிக்கொண்டு எவள் சரிவில் இறங்கிப் பழம் பறித்தாள்?

"நான் இங்க தூங்க வந்தேன் கண்ணு. நான் தூங்கறத வித்துக் காசாக்க வரல," என்றாள்.

விடிந்ததும் பையைக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். ரோட்டில் நின்ற ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது கில்தார்தோ மூச்சு வாங்க ஓடி வந்தார். கொட்டகை அவர்களுக்கே, விருந்தாளிகளைத் தன் வீட்டில் படுக்கவைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார்.

"மொதல்ல அந்தப் பலகையக் கழட்டுங்க. அப்புறம் எறங்கறேன்."

ஜீப்காரன் ஹாரன் அடித்தான். உள்ளே இருந்தவர்கள் அவனை அதட்டி அடக்கினார்கள். கில்தார்தோ தன் கையாலேயே பலகையைப் பிடுங்கிக் கீழே போட்ட பிறகுதான் அவள் காலைத் தரையில் வைத்தாள்.

கொட்டகைக்குள் வந்தால், ஜன்னலோர ஆணியில் ஒரு நீலப் பை தொங்கியது. காலியான கட்டிலுக்கு டென்மார்க்குப் பெண் இறங்கி வந்துவிட்டாள். அவள் பார்த்துக் கற்றுக்கொண்டது அதுதான். கில்தார்தோ பையைத் தூக்கி எறியப் போனார். ருபியேலா அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"தொடாதீங்க. அவ மாட்டிட்டா."

"அவ விருந்தாளி. ஒன் கட்டில் இது."

"நேத்து வரைக்கும் என் கட்டில். இப்ப அவளோடது. ஆனா பறிக்கறவங்களுக்குத்தான் கட்டில். நாளைக்கு அவளும் இடுப்புல கூடையக் கட்டிக்கிட்டு வரணும், சொல்லிடுங்க."

மேல்கட்டிலின் ஆணி ஆடியது. பூட்ஸ் குதிகாலால் நாலு போடு போட்டு இறுக்கிவிட்டு, ருபியேலா அதில் பையை மாட்டினாள்.