பத்தாவது ஆள்

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊரில் நான் மிளகாய்த்தூள் கம்பெனி ஆரம்பித்த புதிதில் நடந்தது இது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மெஷின், பத்துப் பெண்கள்.

அந்தப் பத்தில்தான் வில்லங்கம். பத்துப் பேர் வேலை செய்தால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிய வேண்டும், மாதாமாதம் முதலாளியும் பங்கு கட்ட வேண்டும். ஒன்பது என்றால் தொல்லை இல்லை என்று யாரோ ஓதினார்கள். நானும் வருகை நோட்டில் ஒன்பது பெயரோடு நிறுத்திக்கொண்டேன். விடுபட்டது காவாந்தண்டலத்திலிருந்து வரும் ஓர் அக்காவின் பெயர். ஏன் என்று கேட்கமாட்டார், அதனால்தான். அக்கா என்று இப்போதுதான் எழுதுகிறேன். பத்து வயது மூத்தவரை அன்று 'வாடி, போடி' என்றுதான் கூப்பிடுவேன்.

ஒருநாள் ஆபீசர் சோதனைக்கு வந்தார். தலைகளை எண்ணிவிட்டு, "நோட்டுல ஒன்பது பேருதானே இருக்கு, இந்தம்மா யாரு?" என்றார்.

"அவங்க எங்க வூட்டு ஆளு சார். சும்மா ஒத்தாசைக்கு வந்தாங்க" என்றேன். வாய் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

அந்த அக்கா பூரித்துப் போனார். "மொதலாளியம்மா என்னிய வூட்டு ஆளுன்ட்டாங்கடி" என்று மற்றவர்களிடம் சொல்லி மாளவில்லை. தலைமுறையாக எங்கள் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அவருடையது. ஆனாலும் எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து கொட்டகையைப் பெருக்க ஆரம்பித்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அடுத்த மாதமே அவருடைய வலது கை மெஷின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து, எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டார். தொழிலாளி என்று எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"நான் வேலைக்காரி இல்ல சார், அவங்க வூட்டு ஆளு. சும்மா கூடமாட செஞ்சிகினு இருந்தேன். நான்தான் பாக்காம கைய வுட்டுட்டேன்" என்றார் அந்த வலியிலும்.

பக்கத்திலேயே நின்ற நான் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்றுகூட இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கே என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

பிறகு பயந்துபோய் எல்லோரையும் இ.எஸ்.ஐ.யில் சேர்த்தேன். அந்த அக்காவின் இடத்துக்கு வந்த பெண்ணுக்கும் அட்டை உண்டு.

போன வருஷம் என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். இடது கையில் பூ, பழம், கண்ணாடி வளையல் வைத்த தட்டு. நேராக சொந்தக்காரர்கள் வரிசை வைக்கும் இடத்தில் போய் நின்றார்.

"யார் இது?" என்றாள் என் நாத்தனார்.

"நம்ம கம்பெனில வேலை செஞ்சவ" என்றேன். ஆபீசரிடமும் போலீஸ்காரரிடமும் சொல்லாத உண்மை அன்று எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

அவர் காதிலும் அது விழுந்தது. தட்டை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார்.

வேலை செய்தவராக அவருக்குச் சேர வேண்டியதையும் கொடுக்கவில்லை, வீட்டு ஆளாக வந்தவரை உட்கார்த்தி வைத்து ஒரு வாய் சோறும் போடவில்லை. அவருடைய ஊர் பத்து நிமிஷத் தூரம்தான், போய் நிற்கத்தான் எனக்கு இன்னும் முகமில்லை.