மேசைக்கடியில் தூங்கிய பாப்பா

பிள்ளைகளே, பிறந்தநாள் வீடுகளில் அறிவியல் வேடிக்கை காட்டுவது என் பிழைப்பு. சோப்பு நுரையைக் கூரைவரை பொங்க விடுவேன், பலூனுக்குள் ஊசி ஏற்றுவேன். நீங்கள் சிரித்தால் எனக்குப் போதும். ஆனால் வைத்திக்குப்பத்தில் ஒரு மாடி ஹாலில் நான் பட்ட பயம் இன்னும் என்னை விடவில்லை.

பிறந்தநாள் பையனின் அப்பா தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் லோடு அடிக்கிறவர். அம்மா, தவழக்கூடப் பழகாத கைக்குழந்தையைக் கேக் மேசைக்கடியில் புடவை விரித்துத் தூங்கப் போட்டிருந்தார். "இங்கன்னா எந்தப் புள்ளயும் மிதிக்காது சார்" என்றார். மேசைத்துணி தரைவரை தொங்கியது.

கடைசி வேடிக்கை டிரை ஐஸ். அது தண்ணீர் உறைந்த ஐஸ் இல்லை, கரியமில வாயுவை உறைய வைத்தது. வெந்நீரில் போட்டால் வெள்ளைப் புகை தரையில் வழியும். அந்த வாயு காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். அது நிறையச் சேர்ந்த இடத்தில் தீ எரியாது, நாமும் மூச்சுவிட முடியாது. அதனால் கதவைத் திறந்து வைத்து, ஒரு கைப்பிடிதான் போடுவேன். புகை பட்டு அணைவதைக் காட்டத் தரையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மறந்த கையுறையை எடுக்கக் கீழே வண்டிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புகை. பிள்ளைகள் கத்திக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த வெந்நீர் டப்பில், டிரை ஐஸ் இருந்த தெர்மாகோல் பெட்டி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

"எல்லாத்தையும் கொட்டிட்டீங்களாண்ணே?"

"ஐஸு தான சார். தெனம் லோடு லோடா அள்றவனுக்கே கத்துக் குடுக்குறீங்களே" என்று அப்பா சிரித்தார். "ஏசி வீணாப் போவுதுன்னு கதவச் சாத்திட்டேன்."

தரையைப் பார்த்தேன். மெழுகுவர்த்தி அணைந்திருந்தது.

"யாருப்பா ஊதுனது?"

"யாரும் ஊதல அங்கிள். அதுவே செத்துப்போச்சு" என்றாள் ஒரு சின்னப் பெண்.

மேசைத்துணியைத் தூக்கினேன். உள்ளே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு துழாவினேன். புடவை, தலையணை, பிறகு ஒரு குட்டிக் கால். சில்லென்று இருந்தது. வாரி எடுத்துத் தலைக்குமேல் பிடித்தபடி ஹாலுக்கு வெளியே இருந்த மொட்டைமாடிக்கு ஓடினேன். பாப்பாவின் தலை துவண்டு என் கையில் சாய்ந்தது. கடல்காற்று முகத்தில் அடித்தது. உள்ளங்காலைத் தேய்த்தேன். அசையவில்லை. மறுபடி தேய்த்தேன். முகம் சுருங்கியது, உதடு பிதுங்கியது. அப்புறம் வீல் என்று ஒரு அழுகை.

அம்மா பின்னாலேயே வந்தார். "இப்பத்தான் தூங்க வச்சேன், எழுப்பி உட்டுட்டீங்களே சார்."

உள்ளே கையைக் காட்டி, "கதவத் தொறங்க, புள்ளைங்கள வெளிய கூப்புடுங்க" என்றேன். எல்லோரும் வெளியே வந்தபிறகு, நடந்ததைச் சொன்னேன். அந்த அப்பா டப்பைத் தானே இழுத்து வந்து மாடி ஓரத்தில் வைத்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க குடுங்க சார்" என்று பாப்பாவை வாங்கி, அதன் மூக்கருகே காதை வைத்துக்கொண்டார். கேக் வெட்டக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.