கால்சியம் டப்பாவில் இருந்த மாத்திரை

என் கணவர் மனநலத்துக்காகப் பல வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும், வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அதைக் கால்சியம் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.

போன மாதம் முழங்கால் வலிக்கு, மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடையில் அவராகவே வலி மாத்திரை வாங்கி ஒரு வாரம் போட்டுக்கொண்டார். கை நடுங்கியது, பேச்சு குழறியது. குடித்துவிட்டு வருகிறாரோ என்று சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன். நடையும் தள்ளாடவே, நானும் நாத்தனாரும் அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறார்?" என்று டாக்டரம்மா கேட்டார். லித்தியம் விஷயம் தெரியாத நாத்தனார் பக்கத்திலேயே நின்றாள். "வெறும் கால்சியம்தான்" என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவளை வெளியே அனுப்பினார். அப்புறம்தான் லித்தியத்தையும் வலி மாத்திரையையும் பற்றி உண்மையைச் சொன்னேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், டயாலிசிஸ் செய்யவேண்டும் என்றார். எனக்குச் சந்தேகம். "கிட்னி பெரிசா கெடலைன்னு நீங்கதானே சொன்னீங்க? மெஷின் சும்மா கிடக்கக் கூடாதுன்னு போடறீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"கிட்னிக்காக இல்லைம்மா. வலி மாத்திரையால லித்தியம் வெளியேறாம ரத்தத்துல தேங்கிடுச்சு. அதைத்தான் மெஷின் எடுக்கப்போகுது. நீங்க சொல்லாம இருந்தா இந்த டெஸ்ட்டே எடுத்திருக்க மாட்டோம்."

இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தபிறகு அவர் பேச்சு தெளிந்தது.

இப்போது இருமல் மருந்து வாங்கினாலும், "இவர் லித்தியம் சாப்பிடறார், இது சேருமா?" என்று கடையில் சத்தமாகவே கேட்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.