லாஸ் வேகாஸ் சீட்டுக்கட்டு

அந்தச் சீட்டுகள் விரலில் நிற்காது. உரித்த வெங்காயத்தின் உள்தோலைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். மூக்கருகே கொண்டுபோனால் புது ரெக்சின் பையின் வாசனையும், மாமாவின் பெட்டியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சோப்பு வாசனையும் கலந்து அடிக்கும். அதுவரை நானும் தம்பியும் பார்த்திருந்த சீட்டுகளெல்லாம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் துண்டை விரித்து ஆடுகிறவர்களின் கையில் அழுக்கேறி, மூலை மடங்கிக் கிடந்தவைதான். இந்தக் கட்டில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. எல்லாம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்துப் படங்கள். சூதாட்டத்தாலேயே பெரிதான ஊர் அது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மாவின் தம்பி அந்தோணி மாமா பயணிகள் கப்பல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். தன் உடுப்புகளைப் பதமாகத் தேய்த்துக் கொடுத்ததற்காக ஓர் அமெரிக்க மூதாட்டி கப்பலை விட்டு இறங்கும்போது அவர் கையில் கொடுத்துவிட்டுப் போன கட்டு அது. விடுமுறையில் வந்தவர் எங்களிடம் அதை ஆசையாக நீட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து வந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"ஏலே, இதத் தூக்கிட்டு வர ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"வெளையாட இல்லக்கா. படம் பாக்கத்தான். பிள்ளைக பாக்கட்டுமேன்னு..."

"நம்ம குடும்பத்துக்கு இது ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

அம்மாவும் மாமாவும் எரியோடு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கிணற்றோடு இருந்த அந்தத் தோட்டத்தை அவர்களுடைய அப்பா சீட்டாட்டத்தில் விட்டுவிட்டார். குடும்பம் டவுனுக்கு வந்தது; அம்மா படிப்பை நிறுத்திவிட்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தாள். நாங்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அந்தத் தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. மாமா அந்த முறை எங்களோடு தங்காமல் சின்னாளபட்டியிலிருந்த மாமியார் வீட்டுக்குப் போய், அங்கிருந்தே கப்பலுக்குத் திரும்பிவிட்டார். தன் தம்பி கொடுத்த பொருளைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. பீரோவின் மேல் தட்டில், கம்பளிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

கோடை விடுமுறையில் எனக்கும் தம்பிக்கும் ஒரே சமயத்தில் "பொன்னுக்கு வீங்கி" வந்தது. கன்னங்கள் பன்னைப் போல உப்பி, கஞ்சியைத் தவிர எதையும் விழுங்க முடியாமல், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த பற்றோடு நாங்கள் இரண்டு பேரும் உள்ளறையில் கிடந்தோம். பொன் நகை போட்டால் வீக்கம் வடியும் என்று அம்மா தன் சங்கிலியை என் கழுத்தில் போட்டுவிட்டாள். தம்பிக்கு அவள் கம்மலை நூலில் கோத்துக் கட்டியதால், தனக்குச் சின்ன நகை என்று அவன் பேச முடியாத வாயோடு அழுதான். தெருவுக்குப் போகவும் கூடாது, பிள்ளைகள் யாரும் வரவும் கூடாது. எங்கள் சண்டை பொறுக்காமல்தான் ஒரு மத்தியானம் அம்மா பீரோவைத் திறந்தாள்.

"படம் மட்டுந்தான் பாக்கணும்" என்று சொல்லிக் கட்டைப் பாயில் போட்டுவிட்டுப் போனாள்.

நாங்கள் சீட்டுகளைப் பாய் முழுக்கப் பரப்பினோம். குதிரை வண்டியும் காரும் சேர்ந்து நின்ற மண் தெரு. அணை கட்டுமிடத்தில் தலைப்பாகை இல்லாமல் வெயிலில் நின்ற ஆட்கள். நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள்ளேயே மேசை போட்டுச் சூதாடியவர்கள். ஒரு படத்தில் விடுதிக்குப் பின்னால் வானத்தில் பெரிய மேகம் எழும்பியிருந்தது. அவர்களுக்காவது மழை வருகிறதே என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தோம். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பாவுக்கு அன்று ஓய்வு நாள். அவர் கீழே இருந்த ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படித்து, அது பாலைவனத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டின் புகை என்றார்.

கஞ்சி கொண்டுவந்த அம்மா ஒரு சீட்டைக் குனிந்து எடுத்தாள். முள்செடி முளைத்த பொட்டல், நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு ரயில் நிலையம், வேறு எதுவும் இல்லை. அந்த ஊர் ஊராவதற்கு முந்திய படம்.

"நம்ம எரியோடு மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். செத்த நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பாயில் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டாக்கி, இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் மடக்கி விட்டாள். இரண்டு பக்கத்துச் சீட்டுகளும் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று போய் விழுந்தன. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"ஒனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எங்கய்யா சொல்லிக் குடுத்தாரு. மழைக்காலத்துல தோட்டத்துல வேல இருக்காதுல்ல, நானும் அவரும் ஒக்காந்து ஆடுவோம். நாந்தான் ஜெயிப்பேன். என்கிட்டத் தோக்குறப்ப அவருக்கு அம்புட்டுச் சந்தோசம்."

நாலு பேருக்கும் சீட்டைப் போட்டு "கழுதை" ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். கடைசிவரை கையில் சீட்டு மிஞ்சுகிறவர்தான் கழுதை. பந்தயம் என்ற பேச்சே கூடாது, புளியங்கொட்டைகூட வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். அன்று மத்தியானம் அப்பாவே திரும்பத் திரும்பக் கழுதையானார். சிரித்தால் கன்னம் வலித்தது. அதையும் பொறுத்துக்கொண்டு சிரித்தோம்.

வீக்கம் வடிந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்த மாமா, அக்காள் என்ன சொல்வாளோ என்று வாசற்படியிலேயே தயங்கி நின்றபோது, நாங்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். போட்டுக்கொண்டிருந்த சீட்டுகளை வாரி எடுத்து மறுபடியும் கலைத்து, இந்த முறை ஐந்து பங்காகப் போட்டாள்.

"வந்து ஒக்காரு. ஒனக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்."

மாமா உட்கார்ந்தார். தன் சீட்டுகளைக் கையில் எடுத்தவருக்கு அவற்றை அடுக்கவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அன்றைக்குத்தான் தாத்தாவைப் பற்றி அக்காளும் தம்பியும் எங்கள் முன்னால் பேசினார்கள். கிணற்றில் அவர் நீச்சல் பழக்கியது, பழனிக்கு நடந்துபோகிற கூட்டத்துக்குத் தோட்டத்து இளநீரை வெட்டிக் கொடுத்தது, இப்படி ஒவ்வொன்றாக. தோட்டம் பறிபோன கதையும் பேச்சில் வந்தது. ஆனால் அதுவே முழுப் பேச்சாகிவிடவில்லை.

அந்தக் கட்டு இப்போது இல்லை. ஆடி ஆடி மேல்பூச்சு உரிந்து, ஒன்றிரண்டு தொலைந்து, வீடு மாறியபோது மீதியும் எங்கோ போய்விட்டது. அப்பாவும் இல்லை. அந்தப் படங்களிலிருந்த விடுதிகளில் பலவற்றை வெடிவைத்துத் தகர்த்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள் என்று என் மகள் கைபேசியில் தேடிக் காட்டினாள். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் மாமா அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறார். கடையில் வாங்கிய சாதாரணச் சீட்டுக்கட்டுதான். அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. சன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சீட்டுகளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசிப்பார். எதிரில் இருக்கும் அம்மாவுக்கு அத்தனையும் அப்பட்டமாகத் தெரியும். அவளோ முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, தூரத்தில் தெரியும் திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தபடி, தம்பி சீட்டை இறக்கும்வரை காத்திருக்கிறாள்.