பகலில் தூங்குகிறவர்களின் தெரு

கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் சூப்பர்வைசர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். "கண்ணு எங்க கீது உனக்கு? உன்னாலதான் லைனே நிக்குது." திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் இரண்டு பெண்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் பஸ்ஸிலேயே இல்லை.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தொடர்ந்து ஓ.டி. என்று கூடுதல் நேரம் வேலை பார்த்த களைப்பு என்று நினைத்தேன். அம்மா கண் பட்டுவிட்டது என்றாள். மந்திரித்துக் கட்டிய கயிறு மணிக்கட்டில் ஏறியது. குரல் போகவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர்தான் பெயர் சொன்னார்: மனச்சிதைவு (எண்ணங்கள் பிசகி, இல்லாத குரல்கள் கேட்கும் நோய்). பெயர் தெரிந்ததும் அம்மா அழுதாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. பெயருள்ள நோய் என்றால் மருந்தும் இருக்கும் அல்லவா?

மருந்து இருந்தது. ஆனால் அம்மா இறந்த பிறகு வேளைக்கு அதை எடுத்துக் கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. அண்ணன் குமரேசனுக்கு ஷிஃப்ட், அண்ணிக்குப் பயம். என்னை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை. ஆனால் என்ன சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது, யாரோடு பேசுவது என்று எதையும் நான் முடிவு செய்ததில்லை. குரல்கள் அடங்கின. நானும் அடங்கிப்போனேன்.

பல வருடங்கள் கழித்து, அந்தக் காப்பகத்தை நடத்தியவர்களே ஒரு நாள் என்னையும் என் அறையில் இருந்த இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்கள்: "வெளியில வீடு எடுத்து இருக்கிறீங்களா? எப்படிப்பட்ட வீடு வேணும்?" ஸ்டெல்லா உடனே, "உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்" என்றாள். பரிமளா சமையல்கட்டில் ஜன்னல் கேட்டாள். எனக்குத் தனி வீடு வேண்டாம், நாலு குடும்பத்துக்கு நடுவில் வேண்டும் என்றேன். வாசலில் மனநோயாளிகள் இல்லம் என்று போர்டு மாட்டக் கூடாது என்பதில் மூவரும் ஒரே பேச்சாக இருந்தோம்.

ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு கிராமத்தில் கிடைத்தது. தொழிற்சாலைக்காரர்களுக்கென்றே வரிசையாகக் கட்டிய வீடுகள். உரிமையாளர் அலமேலு அக்கா விவசாயக் குடும்பம். எங்கள் நோயை மறைக்காமல் சொன்னோம். "சுத்தமா வெச்சிக்கினா சரி" என்றார்.

அண்ணனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "இன்னாத்துக்கு இந்த வம்பு? அங்கயே இருந்தா மூணு வேள சோறு, மாத்திரை. யாரு உன்ன கவனிப்பாங்க?" கவனிக்கக் கலா இருந்தாள். அதே ஊர்ப்பெண், எங்கள் துணைப் பணியாளர். காலையிலும் மாலையிலும் வருவாள். கதவைத் தட்டிவிட்டு, நாங்கள் திறக்கும்வரை வெளியே நிற்பாள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். எனக்கு அப்படி இல்லை.

முதல் நாள் காலை ஒரு கூத்து நடந்தது. குளித்து முடித்து, மூவரும் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் ஒருவர் பின் ஒருவராக நின்றோம். காப்பகத்துப் பழக்கம். வெகுநேரம் நின்ற பிறகு ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, உள்ள யாரு கீறா நமக்குப் போட? அடுப்பே பத்தவைக்கல!" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அன்று நாங்கள் கிண்டிய உப்புமா கட்டி கட்டியாக இருந்தது. மிச்சம் வைக்காமல் தின்றோம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இந்த மாத்திரைகள் ஆளை அடித்துப் போடும். நடுப்பகலில் கண் செருகும். வேறு ஊரில் ஒரு பெண் பட்டப்பகலில் படுத்துக் கிடந்தால் ஊரே வாயில் போட்டு மெல்லும். எங்கள் தெருவில் பாதிப்பேர் பகலில்தான் தூங்குகிறார்கள். நான் கொட்டாவி விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர், "நைட் ஷிஃப்டாம்மா? போய் படு, போய் படு" என்பார். மதியத்தில் குக்கர் விசில் அடித்தால்கூட அடுத்த வீட்டில் தூங்குகிறவருக்காகச் சட்டென்று அணைக்கிற தெரு அது. என் உடம்பைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படாத இடம் எனக்கு முதன்முறையாகக் கிடைத்தது.

இந்த ஆனி மாதத்தில் குரல்கள் திரும்பின. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. இந்த நோய் சில சமயம் அப்படித்தான், காரணம் சொல்லாமல் வரும். "இது உன் வூடு இல்ல, கெளம்பு" என்றது குரல். நான் வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் காப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு காலையில் தெருக்குழாயடியில், எல்லார் முன்னாலும், அந்தக் குரலோடு கத்திச் சண்டை போட்டேன். குடங்கள் உருண்டன. குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது நிஜச் சத்தம்.

கலா வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "வீடு போயிடுமா?"

"காய்ச்சல் வந்தா யாராச்சும் வூட்டக் காலி பண்ணுவாங்களாக்கா? ஆஸ்பத்திரிக்குப் போலாம். கட்டில் அப்டியே இருக்கும்."

மருத்துவமனையில் மருந்தை மாற்றினார்கள். அங்கே படுத்திருக்கையில் ஸ்டெல்லா வந்து சொன்னதுதான் என்னைத் தேற்றியது. அண்ணன் அலமேலு அக்காவிடம் போய், "மன்னிச்சுக்கோங்க, தங்கச்சிய காலி பண்ணிடறேன்" என்றிருக்கிறார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"வூட்ட உனுக்கா வாடகைக்கு உட்டேன்? அந்தப் பொண்ணுக்கு உட்டேன். காலி பண்றதுன்னா அது வந்து சொல்லட்டும்."

நான் அழுதேன். நோய் வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிய எல்லாவற்றையும் பிறரிடம்தான் கேட்டார்கள், பிறர்தான் பதில் சொன்னார்கள். என் வாய் வார்த்தைக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புதிது.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் இன்னும் பேசுவதில்லை. ஆனால் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கலாம். அவருக்கு இடம் தேடிப் போகும்போது கட்டிலையும் மின்விசிறியையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மறுபடி நோய் முற்றினால் அவர் இடம் அவருக்கே இருக்குமா என்று கேளுங்கள். தயவுசெய்து அவரையும் கூட்டிப் போங்கள்.

ஆடி பிறந்ததும் அலமேலு அக்கா வாசலில் வந்து நின்றார். "அம்மனுக்குக் கூழ் ஊத்தணும். கிண்ட ஆளில்ல, எல்லாம் ஓ.டி.க்குப் போயிடுதுங்க. மூணு பேரும் வெள்ளிக்கிழம வந்துடுங்க, இன்னா?" எங்களால் முடியுமா என்று கேட்கவில்லை.

முன்பெல்லாம் என் காலம் மாத்திரை அட்டை தீரும் நாள் வரைக்கும்தான். அதற்கு அந்தப் பக்கம் எதையும் நினைத்ததில்லை. அதே வாரம் மறுபரிசோதனைக்குப் போனேன். புது மருந்தால் கை நடுக்கம் (விரல்கள் தாமாக ஆடும் பக்கவிளைவு) அதிகமாகியிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வாங்க, அளவைக் குறைச்சுப் பார்க்கலாம்" என்றார்.

"வெள்ளிக்கிழம வேணாம் டாக்டர். எங்க தெருவுல கூழ் ஊத்தறாங்க. நான் கிண்டணும்."

"இந்தக் கையோடயா?"

"இந்தக் கையோடதான்."

அவர் சிரித்துக்கொண்டே வெள்ளியை அடித்துவிட்டுச் சனி என்று எழுதினார். இத்தனை வருடத்தில் மருத்துவமனை சொன்ன தேதியை நான் மாற்றச் சொன்னது அன்றுதான்.