முதலாளி அக்காதான்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடம் நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் தந்தார்கள். அக்கா இருந்திருந்தால் தந்திருக்க மாட்டார்.

பேசாலையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா, கடைசி நான். கெட்டிக்காரியாக இருந்தும் அவரை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். கெட்டித்தனம் என்ற அந்தக் குறை எதுவும் இல்லாத என்னைத் தொடர்ந்து படிக்க விட்டார்கள்.

யுத்தம் எங்களை மடு மாதா கோயிலுக்கு அகதிகளாக விரட்டியது. திரும்பி வந்த இரண்டாம் வருடம், கடலுக்குப் போன அத்தான் கரை சேரவில்லை. கைக்குழந்தையோடு நின்ற அக்காவுக்கு உறவினர்கள் தையல் மெசின் வாங்கித் தந்தார்கள். அக்காவோ வீட்டு வளவில் கொட்டில் போட்டு, நண்டு அவித்துச் சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார். அவரைப் போல் துணையிழந்த பன்னிரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள்.

எங்கள் கரையில் வலையில் இருந்து நண்டு கழற்றுவதும் கருவாடு காயப்போடுவதும் பெண்கள். விலை பேசுகிற வாய் மட்டும் ஆணுடையதாக இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆண் தேவைப்பட்டபோது கைவசம் நான் இருந்தேன்.

"தம்பி, வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில இரு. தலையை ஆட்டு. வாயைத் துறக்காதை."

இரண்டு வருடம் தலையாட்டினேன். சிலாவத்துறையில் இருந்து நண்டு கொண்டு வருபவர்கள் எனக்குச் சலாம் சொன்னார்கள். எனக்கோ ஆண் நண்டையும் பெண் நண்டையும் பிரித்தறியத் தெரியாது.

ஒரு நாள் கொழும்புக் கம்பனி ஒன்றின் மனேஜர் வந்தார். அவர் எங்கள் நண்டை எடுக்காவிட்டால் கொட்டிலை மூட வேண்டிய நிலை. மத்தியானம் அக்கா நண்டுக்கறி வைத்தார். மனேஜர் சிரித்துக்கொண்டே, "முதலாளி முதல்ல சாப்பிடுங்கோ. உங்கட நண்டை நீங்களே சாப்பிடாட்டி நான் எப்படி நம்புறது?" என்றார்.

சிறுவயதில் இருந்தே எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. அக்கா கண்ணால் தடுத்தார். முதலாளி என்ற மிதப்பில் இரண்டு நண்டுக்காலை உறிஞ்சிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சொண்டு வீங்கி, கண்ணும் மூடிவிட்டது. மனேஜர் பதறி எழும்பினார்.

"நண்டு பழுதோ?"

அக்கா என்னைப் பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினார்.

"நண்டில பிழை இல்லை ஐயா. இவருக்குத்தான் ஒத்துவராது."

"நண்டு ஒத்துவராதவரோ நண்டுக் கம்பனி நடத்துறார்?"

"நடத்துறது நான். இவர் என்ர தம்பி. ஆம்பிளை இல்லாட்டி நீங்கள் வரமாட்டியள் எண்டு இருத்தி வைச்சனான். இனி அப்பிடிச் செய்யமாட்டன்." அவருக்கு முன்னாலேயே அதே சட்டியில் இருந்து ஒரு நண்டை எடுத்து உடைத்துச் சாப்பிட்டார்.

"சரியம்மா, தம்பி சுகமாகட்டும், வந்து பேசுறன்."

"அவருக்குச் சுகம் வரும், கதை வராது. பேசுறதெண்டால் இப்ப என்னோட பேசுங்கோ. இல்லாட்டி லொறியைத் திருப்புங்கோ."

ஊசி போட்டுக்கொண்டு பின்னேரம் நான் வந்தபோது ஒப்பந்தம் அக்காவின் கையெழுத்தோடு மேசையில் கிடந்தது. என் பதவி பறிபோயிருந்தது.

கொட்டில் தொழிற்சாலையானது. வியாபாரிகள் சங்கத் தலைவர் தெரிவுக்கு அக்கா நின்றபோது ஒருவர், "பொம்பிளையை எப்பிடித் தலைவர் எண்டு கூப்பிடுறது?" என்று கேட்டார். "வாயால," என்றார் அக்கா. ஆறு வருடம் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கடைசி நாட்களில் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் கொடுக்க வந்த பங்குச் சுவாமியிடம் அக்கா, "எல்லாரையும் மன்னிச்சிட்டன் சுவாமி. தையல் மெசின் தந்தவையை மட்டும் கொஞ்சம் பொறுத்து," என்றார். சுவாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு செபத்தைத் தொடர்ந்தார்.

நோயில் அக்காவைத் தாங்கிய தாதியருக்கும், முறைவைத்து வந்து பக்கத்தில் இருந்த தொழிற்சாலைப் பெண்களுக்கும், அடக்கத்துக்கு வந்த சிலாவத்துறைச் சகோதரர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

"இனி ஆர் பாக்கிறது? ஒரு ஆம்பிளை வேணுமே," என்று ஒரு வருடமாக என்னை வழிமறித்துக் கேட்கும் உறவினருக்கும் நன்றி. அக்காவின் மகள் பார்க்கிறார். விலை பேசுவதென்றால் அவரிடம் போங்கள். என்னிடம் வந்தால் நல்ல தேத்தண்ணி போட்டுத் தருவேன்.